இரண்டாம் முறை கேட்காத கடை

நான் அன்றாடம் சாப்பிடும் கடையில் யாரும் எதையும் இரண்டாம் முறை கேட்பதில்லை. ஃபுகுவோகா பெரிய நகரம். கடை மிகச் சிறியது. ஒரு நீளப் பலகை, அதன் முன் எட்டு முக்காலிகள், அந்தப் பக்கம் கொதிக்கும் அண்டா, அண்டாவுக்குப் பின்னால் கடைக்காரர். அவரை எல்லாரும் தாய்ஷோ என்று கூப்பிடுகிறார்கள். தளபதி என்று பொருளாம். படையில் இருப்பது அவர் மனைவி ஒருத்திதான். அந்த அம்மாளும் உத்தரவுக்குக் கட்டுப்படுவதாகத் தெரியவில்லை. கிடைப்பது ராமென்: பன்றி எலும்பை நாள் முழுக்கக் காய்ச்சிய வெள்ளைச் சாற்றில் மெல்லிய நூடுல்ஸ், மேலே இரண்டு துண்டு கறி. வெள்ளிக்கிழமை மாமிசம் தொடாத குடும்பத்தில் பிறந்தவன் நான். அதனால் வெள்ளிக்கிழமைகளில் கறித்துண்டை ஒதுக்கிவைத்துவிட்டுச் சாற்றை மட்டும் குடித்துவிடுகிறேன். எலும்புச் சாறு மாமிசத்தில் சேர்த்தியா என்று ஊர்ப் பங்குச்சாமியாருக்கு எழுதிக் கேட்கலாம். பதில் போட்டுவிடுவார் என்ற பயத்தில் கேட்கவில்லை.

எழுபத்திரண்டில் இங்கே வந்தேன். தர்மபுரிப் பக்கத்துக் கருங்கல் கப்பலேறி வருகிறது. அதற்குத் துணையாக நான். வாங்குகிறவர்கள் கல்லில் கீறல் தேடுவார்கள். இல்லை என்று ஆங்கிலத்தில் சொல்வது என் உத்தியோகம். அதை அறுத்து, மெருகேற்றி, கல்லறைக்கு வைக்கிறார்கள். பாலக்கோட்டுக்கு மேற்கே வெள்ளாடு ஏறி நின்ற பாறை, இங்கே யாரோ ஒரு பெரியவரின் பெயரைச் சுமந்துகொண்டு மழையில் நிற்கிறது. மொழி தெரியாத ஊரில் அதுவும் என்னைப்போலத்தான் வாய் திறப்பதில்லை.

முதல் நாள் கிண்ணத்தில் நூடுல்ஸ் தீர்ந்து சாறு மிஞ்சியிருந்தது. தாய்ஷோ எட்டிப் பார்த்து, "காயேதாமா?" என்றார். மிஞ்சிய சாற்றில் இன்னொரு பிடி நூடுல்ஸ் போடட்டுமா என்று கேட்கிறார் என்பது, அவர் கையில் இருந்த பிடியைப் பார்த்ததும் புரிந்தது. நல்ல பசி. ஆனால் வளர்ப்பு அப்படி. கிண்ணத்தின் மேல் கையைக் கவிழ்த்து, தலையை ஆட்டி, வெட்கமாகச் சிரித்தேன். அவர் ஒரு தலையசைப்போடு அந்தப் பிடியைப் பக்கத்து முக்காலிக்காரரின் கிண்ணத்தில் போட்டுவிட்டுப் போய்விட்டார். மறுபடி கேட்பார் என்று, சாறு ஆடை கட்டும் வரை உட்கார்ந்திருந்தேன். மறுநாள் அலுவலகத்தில் விசாரித்தேன். வீட்டு விருந்தென்றால் அவர்களும் ஓரிரு முறை மறுப்பார்களாம். கடையில் அந்தக் கூத்துக்கெல்லாம் நேரமில்லையாம். கடையை வீடென்று நினைத்தது என் தவறு.

எங்கள் பக்கத்தில் முதல் முறை கேட்டதுமே சரி என்பவன் மனிதனில்லை, பஞ்சத்தில் அடிபட்டவன். கல்யாணமான புதிதில் கடத்தூர் மாமனார் வீட்டு விருந்தில் இலைமேல் கையை வைத்து மறைத்தேன். குழம்பைக் கைமேலேயே ஊற்றினார்கள். "மாப்பிள்ள கூச்சப்படறாரு, நீங்க பாட்டுக்கு வெய்யுங்க" என்று மாமியாரின் தங்கை பின்னாலிருந்து ஏவிக்கொண்டிருந்தார். அந்தக் கல்யாணமே அப்படி முடிந்ததுதான். பெண் கேட்டு என் அம்மா போனபோது இரண்டு தடவை வேண்டாம் என்றார்கள். மூன்றாம் தடவை காபி கொடுத்தார்கள். அம்மா தாய்ஷோவாக இருந்திருந்தால் நான் இன்றைக்கும் பிரம்மச்சாரி.

அப்படிக் கிடைத்த சகாயமேரி, நான் இங்கே வந்த முதல் வருஷம் கிறிஸ்துமஸுக்கு முன்னால் எழுதினாள்: இவ்வளவு தூரம் வர வேண்டாம், உடம்பைப் பார்த்துக்கொள்ளவும். சரி என்று பதில் போட்டேன். அடுத்த வருஷமும் வர வேண்டாம் என்று எழுதினாள். அதற்கும் சரி என்று பதில் போட்டேன். என்ன அனுசரணையான மனைவி என்று அலுவலகத்தில் பெருமை வேறு.

மூன்றாம் வருஷம் ஈஸ்டருக்குத்தான் போனேன். களி கிண்டிக் கோழி அடித்திருந்தாள். ஓர் உருண்டை முடிந்தது. "இன்னொண்ணு வெக்கட்டுங்களா?" என்றாள். பழக்கம் போகவில்லை, கையைக் கவிழ்த்து, வேண்டாம் என்றேன். அவள் எழுந்து, களிச் சட்டியை மூடி, உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன்.

"என்னங்க பாக்கறீங்க? வேண்டாம்னா வேண்டாந்தான்னு நீங்கதானுங்களே கத்துக் குடுத்தீங்க. ரெண்டு கிறிஸ்மஸ் வேண்டாம்னு எழுதுனன். ரெண்டுக்கும் சரின்னு போட்டீங்க. இந்த வூட்டுல எவ்வளவு நேரம் சட்டியத் தெறந்து வெச்சிக்கிட்டு உக்காந்திருக்கறது?"

கோபமாகச் சொல்லியிருந்தால் சமாளித்திருப்பேன். எச்சில் தட்டை எடுத்துக்கொண்டே, மழை பெய்யாததைச் சொல்வதுபோலச் சொன்னாள். கடையை வீடென்று நினைத்த பாவத்துக்கு அரைப்பட்டினியோடு தப்பினேன். வீட்டைக் கடையென்று நினைத்ததற்கு இருபது நாள் விடுமுறையும் போதவில்லை. மூன்று வருஷம் முடிந்தவர்கள் குடும்பத்தை அழைத்துக்கொள்ளலாம் என்று கம்பெனி சொல்லியிருந்தது. அதை அவளிடம் கேட்க வாய் வராமலே கப்பலேறினேன். இங்கே வந்து சேர்ந்துதான் எழுதினேன்: நீ வந்துவிடு.

பதில் இன்றைக்கு வந்தது. பிரிக்காமலே கடைக்குக் கொண்டுவந்து, முக்காலியில் உட்கார்ந்து பிரித்தேன். "வேண்டாங்க. அந்த ஊர்ல எனக்கு என்ன வேல இருக்குது? ஆட்ட யாரு பாக்கறது?" அவ்வளவுதான். மூன்று முறை படித்தேன். இது அவள் அம்மா வீட்டு வேண்டாமா, சட்டியை மூடிய வேண்டாமா என்று கையெழுத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை. கல்லில் கீறல் பார்க்கத் தெரிந்தவனுக்குக் கடிதத்தில் பார்க்கத் தெரியவில்லை.

தாய்ஷோ எட்டிப் பார்த்தார். "காயேதாமா?"

"ஹாய்" என்றேன் உடனே. இவர்கள் மொழியில் சரி என்று பொருள். இங்கே அந்த அளவுக்குத் தேறிவிட்டேன். நூடுல்ஸ் கிண்ணத்தில் விழுந்தது. அதை ஆறவிட்டால் தாய்ஷோ மனம் நோவார். அவள் கடிதங்களை ஆறவிட்டு ஆறவிட்டுத்தான் ஏற்கெனவே மூன்று வருஷம் போய்விட்டது. பையிலிருந்து ஏரோகிராமை எடுத்துப் பலகையில் விரித்தேன். எங்கள் ஊர்க் கணக்குப்படி நான் ஒரு முறைதான் கேட்டிருக்கிறேன். இன்னும் இரண்டு முறை இருக்கிறது.

வலது கையில் பேனாவைப் பிடித்து, "சகாயத்துக்கு, மறுபடியும் கேட்கிறேன்" என்று தொடங்கினேன். இடது கையால் குச்சிகளை எடுத்துச் சாப்பிட ஆரம்பித்தேன். ஊரில் யார் பார்த்தாலும் முகம் சுளிப்பார்கள். பாதி நூடுல்ஸ் வழுக்கி வழுக்கிக் கிண்ணத்துக்கே திரும்பியது.