எபிரேயக் கொப்பியும் நிவாரணப் பட்டியலும்

போன செவ்வாய்க்கிழமை காலை, சங்கக்கடை வேலைக்குப் போகிற அவசரத்தில் என் நீலமட்டைக் கொப்பியைத் தேடினேன். மேசையில் இல்லை. அலுமாரியில் இல்லை. மனைவியைக் கேட்டேன்.

"விதானையார் ஆளனுப்பினவர். இடம்பெயர்ந்த சனத்தின்ரை நிவாரணப் பட்டியல் எழுதத் தாள் இல்லையாம். அதைக் குடுத்துவிட்டனான்."

"அது நான் எழுதின கொப்பியெல்லோ!"

"மட்டையைத் திறந்து பாத்துத்தானே குடுத்தனான்? வெறுமையாய்க் கிடந்தது."

அவளில் பிழையில்லை. எபிரேயம் வலப்பக்கத்திலிருந்து எழுதுகிற பாஷை. நமக்கு எது கடைசிப் பக்கமோ அதுதான் அதற்கு முதற் பக்கம். அங்கே தொடங்கிப் பாதிக் கொப்பிவரை வந்திருந்தேன். முன்னுக்குத் திறந்தால் வெள்ளைத்தாள்தானே தெரியும்?

ஓம், நான் எபிரேயம் படிக்கிறேன். இத்தனை காலம் இந்தப் பத்தியில் வாயே திறக்காத விஷயம். எட்டு வருஷத்துக்கு முன்னர் யாழ்ப்பாணத்தில் பழைய புத்தகக்கடை ஒன்றில் ஓர் இலக்கணப் புத்தகம் கண்ணில் பட்டது. அந்த எழுத்து பிடித்துப்போயிற்று. அவ்வளவுதான் காரணம்! எஸ்.எஸ்.சி. சோதனையோடு படிப்பை நிறுத்தினவன் நான். இங்கிலிஷ் அகராதி ஒரு கையில், இலக்கணம் மறுகையில்... அப்படித்தான் படித்தேன். இலக்கணம் முடிந்து, இப்போது வேதாகமத்துப் பழைய பாட்டுகளுக்கு வந்திருக்கிறேன். பதினைந்து நாளுக்கொருமுறை சைக்கிளில் போனால் பட்டணத்துப் போதகர் ஒருவர் திருத்தித் தருவார்.

தெருவில் கதைக்கிற எபிரேயம் எனக்குத் தெரியாது. ஒரு தேத்தண்ணி கேட்டு வாங்கத் தெரியாது. ஆனால் ஓர் அரசன் அழுதால் எந்தச் சொல்லில் அழுவான் என்று தெரியும்.

அந்தச் சொற்களெல்லாம் இருந்தது அந்தக் கொப்பியில்தான். வேறு பிரதி கிடையாது.

எங்கள் கிராமசேவகரான விதானையாரின் வீட்டுக்கு ஓடினேன். விறாந்தை முழுக்கச் சனம். எல்லாரும் வலிகாமம் வடக்கிலிருந்து வந்து எங்கள் பள்ளிக்கூடத்தில் தங்கியிருப்பவர்கள். விதானையார் முன்பக்கத்திலிருந்து பேர் பேராக எழுதிக்கொண்டு வந்து, நடுவில் என் எழுத்தோடு முட்டிப்போய் நின்றிருந்தார்.

"உது என்ன எழுத்து காணும்?"

"எபிரேயம். யூதற்றை பாஷை" என்றேன். மெல்லத்தான் சொன்னேன்.

"யூதற்றையோ? இஸ்ரேல்காரன் ஆமிக்கு ஆயுதம் குடுக்கிற இந்த நேரத்திலையோ?" என்று பின்னால் யாரோ கேட்டார். விறாந்தை முழுக்க முணுமுணுப்பு.

விதானையார் நல்ல மனிசன். என்னைத் தனியே கூப்பிட்டார். "இதோடை பட்டியல் கச்சேரிக்குப் போனால் அங்கை அரசாங்க அதிகாரியள் ரகசிய எழுத்தோ எண்டு கேப்பாங்கள். உம்மடை பக்கத்தையெல்லாம் கிழிச்சு அடுப்பிலை போடுவம். பாத்த சனம் ஆரும் கேட்டால் பிள்ளையள் கிறுக்கினது எண்டு சொல்லுவம். உமக்கும் தலையிடி இல்லை, எனக்கும் இல்லை."

வாசகர்களுக்கு என்னைத் தெரியும். கூட்டத்தில் ஒருவர் முகம் பார்த்துப் பேசினால் 'சரி' என்று சொல்லிவிட்டு வருகிற ஆள். கலியாண வீட்டில் மூன்றாந்தரம் பாயாசம் ஊற்றினாலும் 'சரி'தான்!

"இல்லை" என்றேன்.

அந்தச் சொல் எங்கேயிருந்து வந்தது? தெரியாது. விதானையாரும் எதிர்பார்க்கவில்லை.

"பட்டியலை நான் வேறை தாளிலை எழுதித் தாறன். ஒரு பேரும் விடமாட்டன். கொப்பியிலை ஒரு ஒற்றைத் தாளும் கிழிக்கக்கூடாது."

வரிசையில் நின்ற மெலிந்த மனிதர் ஒருவருக்குக் கோபம் வந்துவிட்டது. "அண்ணை, நாங்கள் சோத்துக்கு வழியில்லாமல் நிக்கிறம். உங்களுக்கு உது தேவையோ? உதைப் படிச்சு ஆரோடை கதைக்கப் போறியள்?"

தமிழிலேயே நான் யாரோடும் கதைப்பதில்லை. "ஒருத்தரோடையும் இல்லை, வாசிக்கத்தான்" என்றேன்.

"அப்ப வாசிச்சுக் காட்டும். என்ன இருக்கெண்டு சனத்துக்கும் தெரியட்டும்" என்றார் விதானையார்.

போதகரைத் தவிர யார் முன்னாலும் நான் அதை வாசித்ததில்லை. ஒரு பாட்டை எடுத்து வாசித்தேன். அதில் அடித்தொண்டையிலிருந்து வருகிற ஓசைகள் உண்டு. இரண்டாம் வரியிலேயே ஒருவர், "ஐயோ, ஆளுக்கு மீன்முள்ளு சிக்கிப்போச்சு!" என்றார். விறாந்தையே சிரித்தது. காது சுட்டது. நிறுத்தவில்லை. கடைசி வரிவரை வாசித்தேன்.

"கருத்து என்ன?" என்று கைக்குழந்தையோடு நின்ற பெண் கேட்டாள்.

"ஊரை விட்டு ஓடி ஒளிச்சிருக்கிற ஒருத்தன் கடவுளோடை சண்டை பிடிக்கிறான், பிள்ளை."

"கடவுள் என்ன சொன்னவராம்?"

"மறுமொழி பாட்டிலை இல்லை."

"எங்களுக்கும் இன்னும் வரேல்லை" என்றாள் அவள்.

திரும்பவும் சிரிப்பு எழுந்தது; இந்த முறை அது என்னைப் பார்த்து இல்லை.

விதானையாரும் சம்மதித்தார். சங்கக்கடையில் கிடந்த பழைய கலண்டர் தாள்களைக் கொண்டுவந்து, அவற்றின் பின்பக்கத்தில் மத்தியானம்வரை பட்டியலை எழுதினேன். என்னோடு கோபித்த மனிதர்தான் பக்கத்தில் குந்தியிருந்து கொப்பியிலிருந்து ஒவ்வொரு பேராக வாசித்துத் தந்தார். அவர் மட்டும் கடைசிவரை சிரிக்கவில்லை. "எனக்கெண்டால் உது இன்னும் விளங்கேல்லை, அண்ணை" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். விளங்காவிட்டால் என்ன? பட்டியலும் ஒழுங்காகப் போயிற்று, கொப்பியும் என் கையில்.

அவர் கேட்ட கேள்வியை நான் தள்ளிவிடவில்லை. இரண்டு நாளாக யோசித்தேன். இந்த நாளில் எதைத் தொட்டாலும் 'இது இப்ப தேவையோ?' என்றுதான் கேட்கிறோம். அரிசி தேவை. மண்ணெண்ணெய் தேவை. மறுக்கவில்லை. சங்கக்கடையில் அதைத்தானே நாள் முழுக்க நிறுக்கிறேன்? ஆனால் தேவையானதை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தையெல்லாம் அடுப்பில் போடு என்றால்... மன்னிக்கவேண்டும். எங்களிடமிருந்து பறிக்கப்பட்டது போதும். மிஞ்சியதை நானே ஏன் கொளுத்த வேண்டும்?

முன்பெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு மெதுவாகத்தான் படிப்பேன். வியாழக்கிழமை தொடக்கம் முற்றத்தில் கதிரை போட்டு, சத்தமாகப் படிக்கிறேன். அயலவர்களுக்கு இடைஞ்சலாக இருந்தால் தாராளமாக வந்து சொல்லலாம் — நிறுத்தமாட்டேன்.