புது லேப்டாப்பைத் துடைத்துத் தருபவள்

வைஃபை கடவுச்சொல்லை லுபாபா முதலில் போடவே மாட்டாள். புது லேப்டாப் திறந்ததும் இணையத்தைக் கேட்கும். அவள் "அப்புறம்" என்பதை அழுத்திவிட்டு நாற்காலியை முன்னால் இழுத்துக்கொள்வாள். "கதவைச் சாத்திட்டுத்தான் ஆளை வெளிய தள்ளணும். திறந்து வச்சா, ஒருத்தன் போறதுக்குள்ள நாலு பேரைக் கூப்ட்டுக்குவான்" என்பாள்.

தெஸ்ஸி நகரில் எந்த்ரிஸின் கைப்பேசிக் கடை வாசலில் நான் காபி விற்கிறேன். என் அடுப்பிலிருந்து கை நீட்டினால் அவள் மேசை. எங்கள் ஊரிலிருந்து அரபு நாடுகளுக்கு வீட்டு வேலைக்குப் போன பெண்கள் தம்பி தங்கைகளுக்கு அனுப்பும் லேப்டாப்புகள் அவளிடம்தான் வரும். திறந்தால் திரை முழுக்க அரபு. எந்த்ரிஸுக்கு அந்த எழுத்தை வாசிக்க வரும், பொருள் தெரியாது. "எனக்கு எல்லாமே குர்ஆன் மாதிரிதான் இருக்கு. விளம்பரத்தைக்கூட பக்தியா ஓதிடுவேன்" என்று அவனே சிரிப்பான். லுபாபா குவைத்தில் ஒரே வீட்டில் ஒன்பது வருடம் வேலை பார்த்தவள்.

உள்ளே ஏற்கெனவே குடியேறியிருக்கும் ஒவ்வொரு புரோகிராமின் பெயரையும் நம் பேச்சில் சொல்லி, "வேணுமா?" என்று கேட்ட பிறகே நீக்குவாள். வைரஸ் தடுப்பு, முப்பது நாள் இலவசம். கடை விளம்பரம். சீட்டாட்டம். கணினிக்குக் காய்ச்சல் என்று அரை மணிக்கொரு தரம் பயமுறுத்தும் ஒன்று. கேட்டவர்கள் விழித்தால் விளக்குவாள்: "இது உனக்கு வேலை செய்யுதா, நீ இதுக்கு வேலை செய்யுறியா? அதைப் பாரு."

ஆரம்பத்தில் ஒரு பையனின் கணினியில் பெயர் புரியாத ஒன்றை எடுத்துவிட்டாள். திரை வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் பொத்தான்கள் செத்துப்போயின. இரண்டு நாள் தேடி அதைத் திரும்பக் கொண்டுவந்தாள். அதிலிருந்து, தெரியாததைத் தொடுமுன் ஒரு காபி குடிப்பாள். எல்லாம் முடிந்து ஒருமுறை அணைத்து எழுப்பிப் பார்ப்பாள். "போனவன் திரும்பி வந்துருக்கானா?" என்று திரையிடமே கேட்பாள்.

குவைத்திலிருந்து வரும் ஒரு வகை லேப்டாப்பில் சிறுபிள்ளைகளுக்கான எண் விளையாட்டு இருக்கும். அதற்கு மட்டும் வேறு முறை. திறப்பாள். பிள்ளையின் பெயர் என்ன என்று அது கேட்கும். "மிஷாரி" என்று அடிப்பாள். மஞ்சள் வாத்து ஒன்று நடந்து வந்து அரபியில் ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணும். கேட்டு முடித்ததும் நீக்கிவிடுவாள்.

"தூக்கப் போறதுக்கு எதுக்குக்கா பேரு?" என்று ஒருத்தி கேட்டாள்.

"பேர் குடுத்தாத்தான் போகும்."

அது பொய். மிஷாரி அந்த வீட்டுப் பையன். நாற்பதாம் நாளிலிருந்து ஒன்பது வயது வரை இவள் இடுப்பிலும் மடியிலும் வளர்ந்தவன். அவன் வளர்ந்ததும் அந்த வீட்டுக்கு இவள் தேவைப்படவில்லை. "இப்ப பதினாலு. மீசை அரும்பியிருக்கும்" என்று ஒரே ஒருமுறை சொன்னாள்.

அவள் கிளம்பியபோது பெற்ற மகள் நெஜாத்துக்கு நான்கு வயது. லுபாபாவின் அக்கா ரஹ்மத்தான் அவளை வளர்த்தாள். லுபாபா திரும்பி வந்து ஐந்து வருடமாக மூவரும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். நெஜாத் இன்னும் பெரியம்மா பக்கத்தில்தான் படுக்கிறாள். அவளைத்தான் அம்மா என்கிறாள். பெற்றவளுக்குப் பெயர்தான்: லுபாபா.

நெஜாத்துக்கு ஜிம்மா பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை பஸ். லுபாபா குவைத்திலிருக்கும் தோழியிடம் சொல்லி லேப்டாப் வரவழைத்தாள். "போறதுக்குள்ள அவ என்னை ஒரு தடவ கூப்ட்டுட்டாப் போதும்" என்றாள் என்னிடம். எப்படிக் கூப்பிட வேண்டும் என்று நான் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை நெஜாத் கடைக்கு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"வைரஸ் தடுப்பு. வேணுமா?"

"வேணாம்."

"சீட்டாட்டம்?"

"ஜிம்மாவுக்கு சீட்டாடவா போறேன்? எடுங்க."

"இந்த வாடிக்கைக்காரிக்குக் கோபம் ஜாஸ்தி, பாத்து" என்றான் எந்த்ரிஸ். இருவரும் சிரிக்கவில்லை.

பட்டியலின் அடியில் வாத்து இருந்தது. லுபாபா பெயரைச் சொல்லவில்லை, திறக்கவுமில்லை. நேராக நீக்கப் போனாள். நிச்சயமாகவா என்று திரை கேட்டது.

"இதை மட்டும் ஏன் வேணுமான்னு கேக்கல?" என்றாள் நெஜாத்.

"சின்னப் பிள்ளைங்க எண்ணிப் பழகறது. உனக்கெதுக்கு?"

"எப்பவும் அவன் பேரைப் போட்டுட்டுத்தான எடுப்பீங்க? பள்ளிக்கூடம் விட்டு வரப்ப இந்த வாசல்லருந்து பாத்துருக்கேன்."

நான் எதுவும் காதில் விழாத மாதிரி காபிக் குடுவையை நகர்த்தி வைத்தேன். லுபாபாவின் விரல் பொத்தான் மேலேயே நின்றது.

"அவன் வாத்துகிட்டயா கத்துக்கிட்டான்?"

"இல்ல. நாந்தான் சொல்லிக்குடுத்தேன். சுண்டுவிரல்லருந்து ஒவ்வொண்ணாப் பிடிச்சு."

"எனக்கு?"

"உனக்கும் அப்படித்தான் ஆரம்பிச்சேன்." லுபாபா திரையையே பார்த்துக்கொண்டு சொன்னாள். "மூணு வரைக்கும் வந்துட்ட. அதுக்குள்ள விசா வந்துடுச்சு."

வெளியே மினிபஸ் பையன் ஊர்ப் பெயர்களைக் கத்திக்கொண்டிருந்தான். நெஜாத் திரையை எட்டிப் பார்த்தாள்.

"எடுத்துடுங்க" என்றாள்.

லுபாபா அழுத்தினாள். பட்டியலிலிருந்து வாத்து போனது.

நெஜாத் முகத்தைத் தெருப் பக்கம் திருப்பிக்கொண்டு, இடது கையை விசைப்பலகைக்கு அருகே விரித்து வைத்தாள். லுபாபா வெகுநேரம் அந்தக் கையைப் பார்த்தாள். அப்புறம் சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல் மூன்றையும் தாண்டி, நான்காவது விரலைப் பிடித்தாள்.