தியாகத்துக்கு ஆறு குறிப்புகள்

உக்குவளைப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் பத்தாம் தரத்துக்குத் தமிழ் படிப்பிக்கிறேன். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையைக் கேள்விகளுக்கென்றே விட்டிருந்தேன். இலக்கணமோ இலக்கியமோ, எதையும் கேட்கலாம். அதிகம் கேட்பவள் மூன்றாம் வரிசையில் இருந்த ஒரு தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. "வெளங்கல டீச்சர்" என்று எழும்புவாள். "இந்தா, தொடங்கிட்டா!" என்று வகுப்பு முனகும். எனக்கு அவளுடைய கேள்விகள் பிடிக்கும். வேற்றுமை பற்றி அவள் கேட்ட ஒன்றுக்கு வீட்டில் புத்தகத்தைப் பார்த்து, அடுத்த வாரம்தான் பதில் சொன்னேன்.

அந்த வாரம் படித்தது ஒரு தாயின் கதை. கைக்குழந்தையைத் தங்கையிடம் விட்டுவிட்டு அவள் வெளிநாட்டுக்கு வேலைக்குப் போகிறாள். 'தாயின் தியாகத்தை விளக்குக' என்ற வினாவுக்கு ஆறு குறிப்புகளைக் கரும்பலகையில் எழுதியிருந்தேன்.

அவள் எழும்பினாள். "டீச்சர், தியாகம்னா நம்மகிட்ட உள்ளதத்தானே குடுக்கணும்? இதுல அந்தப் புள்ளையோடதும் போகுதே. அதுகிட்ட யாராச்சும் கேட்டாங்களா?"

நல்ல கேள்வி என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அன்று காலை என் பத்து மாதக் குழந்தையை அலுவிகாரையில் எங்கள் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்தபோது, அது என் சேலையைப் பிடித்துக்கொண்டது. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டுத்தான் பஸ்ஸுக்கு ஓடி வந்திருந்தேன்.

"கேள்வியில இல்லாதத எழுதினா புள்ளி கெடைக்காது. அந்தத் தாய்க்கு மட்டும் வேற வழி இருந்திச்சா? ஒக்காரு."

என் குரல் தேவைக்கு மேல் உயர்ந்துவிட்டது. பின்வரிசையிலிருந்து ஒருத்தி சொன்னாள்: "டீச்சர், இவங்க அம்மா குவைத்துல. அதான் இவ்வளவு ரோஷம்." இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அவள் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. கொப்பியைத் திறந்து குறிப்புகளை எழுதத் தொடங்கினாள்.

எனக்கு அது தெரியாது. தெரியாது என்றுதான் இவ்வளவு நாளும் சொல்லிக்கொள்கிறேன். அவளுடைய தேர்ச்சி அறிக்கையில் ஒவ்வொரு தவணையும் கையொப்பமிட்டவர் அவள் சித்தி. அதைப் பார்த்தவள் நான்தானே.

மணி அடித்ததும் அவளை வாசலில் நிறுத்தினேன். நீ கேட்டது சரி, எனக்குத்தான் பதில் தெரியவில்லை என்று சொல்லத்தான் கூப்பிட்டேன். வாயில் வந்தது வேறு. "எழுத்த இன்னுங் கொஞ்சம் பெருசா எழுது, என்ன?"

"சரிங்க டீச்சர்." பிறகு என்னைத் தேற்றுவதுபோல மெதுவாகச் சொன்னாள்: "பரவால்ல டீச்சர். பரீட்சைக்கு எப்பிடி எழுதணும்னு வெளங்கிருச்சி."

அதற்குப் பிறகு வந்த வெள்ளிக்கிழமைகளில் மூன்றாம் வரிசையைப் பார்த்தே கேட்பேன். "ஏதாச்சும் கேக்கணுமா?"

"இல்லைங்க டீச்சர்."

இப்போது வகுப்பு முனகுவதில்லை. பாடவேளை முடிய முன்பே கேள்விகள் தீர்ந்துவிடும்.

தவணைப் பரீட்சைத் தாளில் அதே வினாவை நானே போட்டேன். அவள் நினைத்ததை எழுதட்டும், எப்படி எழுதினாலும் முழுப் புள்ளி கொடுப்பது என்று முடிவு செய்திருந்தேன். வேண்டுமென்றே அவள் விடைத்தாளைக் கடைசிக்கு ஒதுக்கிவைத்துத் திருத்தினேன்.

ஆறு குறிப்புகளும் என் ஒழுங்கிலேயே இருந்தன. வாக்கியங்களும் என்னுடையவை. ஓரத்திலாவது ஒரு வரி இருக்குமா என்று தாளைத் திருப்பிப் பார்த்தேன். குறைக்க ஒன்றும் இல்லை. முழுப் புள்ளியைப் போட்டேன்.