கட்டிலுக்கடியில் ஒரு ஸ்கேன்

தாம்பரம் ஸ்கேன் அறையில் அன்று இருந்தவர்கள்: டாக்டரம்மா. அஸ்தினாபுரத்தில் எங்களுக்கு வீடு வாடகைக்குத் தந்த கமலாக்கா. ஆட்டோக்கார மணி, கதவுக்கு உள்ளே பாதி, வெளியே பாதி. எட்டு மாத வயிற்றோடு என் மனைவி ஜெசிந்தா. நான்.

இந்த ஊரில் விமானம் தாழப் பறந்தாலும் யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. பயிற்சி விமானமாம். காய் வாங்குகிறவர்கள் காய் வாங்கிக்கொண்டே இருக்கிறார்கள். எங்கள் மன்னாரில் அது குண்டு போடும் பொம்மர்; அந்தச் சத்தம் கேட்டால் குப்புறப் படுக்க வேண்டும். பிள்ளைத்தாய்ச்சி என்றால் இடது பக்கம் சரிந்து, வயிற்றைக் கையால் மூட வேண்டும். இன்னும் அங்கே இருந்து இதை வாசிக்கிற உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. நாங்கள் பதுங்குகுழியில் இருந்த நாட்களில் எங்கள் முதல் பிள்ளையின் துடிப்பு வயிற்றுக்குள்ளேயே நின்றுபோனது. ஏன் என்று சொல்ல அங்கே டாக்டர் இல்லை.

இங்கே டாக்டரம்மா சொன்னார். “குழந்தை எட்டு மாசத்துக்குச் சின்னதா இருக்கும்மா. டாப்ளர்ல தொப்புள்கொடி ரத்த ஓட்டத்தைப் பாக்கப்போறேன். துடிப்புக்கு நடுவுலயும் ஓடிச்சுன்னா வயித்துலயே வளரட்டும். நின்னு நின்னு ஓடிச்சுன்னா இன்னைக்கே எடுத்துடணும்.”

கருவியை வயிற்றில் வைத்தார். அதே நேரம் கூரைக்கு மேலே விமானம். ஜெசிந்தா கட்டிலிலிருந்து இறங்கி அடியில் படுத்துவிட்டாள்.

“பொம்மர் வருது டொக்டர், நீங்களும் படுங்கோ!” என்று டாக்டரம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

“இன்னாக்கா நீ, அது சும்மா சுத்திகினு கீது” என்றான் மணி.

“நீ வாய மூடுடா. உன் ஆட்டோல வந்ததுலயே அவளுக்குப் பாதி உசுரு போச்சு” என்றார் கமலாக்கா.

“ஒண்டுமில்லை, மேல ஏறும்” என்றேன்.

“ஏறமாட்டன்.”

டாக்டரம்மா சேலையைச் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். “இருக்கட்டும். இடது பக்கமாத்தானே படுத்திருக்காங்க, நல்லது. ஒயர் எட்டுது.”

ஹுஷ், ஹுஷ் என்று சத்தம் வந்தது. திரையில் அலை அலையாக எழுந்தது. நான் இப்போது திருமுடிவாக்கத்தில் வெல்டிங் வேலை செய்தாலும் ஊரில் கடலில் மீன்பிடித்துப் பிழைத்தவன். அலையைத்தான் பார்த்தேன். விழும்போதும் அடிக்கோட்டில் தரை தட்டவில்லை.

“நடுவுலயும் ஓடுது. வளரட்டும்” என்றார் டாக்டரம்மா.

“இது என்ர பிள்ளையின்ர சத்தமோ?” என்று கேட்டாள் ஜெசிந்தா.

“அதுக்குப் போற ரத்தத்தோட சத்தம்மா.”

மறுபடி ஒரு விமானம் வந்தது. கமலாக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். ஜெசிந்தா அசையவில்லை.

“டொக்டர், அந்தச் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி விடுங்கோ. கேக்கேல்ல.”

மகளுக்கு இப்போது மூன்று வயது. மணியை மாமா என்கிறாள், கமலாக்காவின் மடியில் சாப்பிடுகிறாள், “இன்னா” என்றுதான் பேசுகிறாள். விமானச் சத்தம் கேட்டால் மொட்டைமாடிக்கு ஓடுகிறாள். தாயும் பின்னால் ஓடுகிறாள். ஊரில் எத்தனை வந்தது, எத்தனை திரும்பியது என்று எண்ணிய பழக்கம் ஜெசிந்தாவுக்குப் போகவில்லை. நேற்றும் இருவரும் எண்ணினார்கள். மகள் கைகாட்டிச் சிரித்துக்கொண்டு. ஜெசிந்தா அவள் சட்டையைப் பின்னாலிருந்து இறுக்கிப் பிடித்துக்கொண்டு.

நான்கு வந்தது, நான்கும் திரும்பியது.