லண்டனுக்கு எத்தனை மணி நேரம்

வியாழக்கிழமை பிற்பகல் சரியாக இரண்டு மணிக்கு என் நாத்தனார் விளக்குமாற்றைக் கையில் எடுத்தார்.

அன்று காலை ஆறு மணிக்கு எங்கள் மகள் பம்பாயில் விமானம் ஏறியிருந்தாள். லண்டனில் நர்ஸ் படிப்பு. வீட்டிலிருந்து ஒருவர் பயணம் கிளம்பினால், போய்ச் சேரும்வரை வீட்டைப் பெருக்கக் கூடாது என்பது சின்னாளபட்டியில் எங்கள் தெருப் பழக்கம். பெருக்கினால் போனவரையும் சேர்த்துத் தள்ளிவிடுவதாக அர்த்தம். மூன்று நாள் முன்பு அவள் திண்டுக்கல்லில் ரயில் ஏறியபோது, "அது தரையிலதானே ஓடுது" என்று நாத்தனார் விட்டுவிட்டார். விமானத்துக்கு விடவில்லை. விசாரிக்க வந்தவர்கள் போட்ட கடலைத் தோலும் தறியடி நூல் கழிவும் கூடம் முழுக்கக் கிடந்தன.

பம்பாயில் ஆறுக்குக் கிளம்பி லண்டனில் பகல் இரண்டுக்கு இறங்குவதாக மகள் எழுதியிருந்தாள்.

"எட்டு மணி நேரம்" என்றார் கணவர்.

நான் ஐந்தாம் வகுப்புக்குப் பூகோளம் நடத்துகிறவள். "அது அவுக ஊரு ரெண்டு மணிங்க. நமக்கு அப்ப ஏழரை."

"புள்ள அந்தரத்துல பறக்குறா, ஏழரைங்கிறியே!" என்று நாத்தனார் காதைப் பொத்திக்கொண்டார்.

கணவர் நெசவாளி, நூலைத்தான் நம்புவார். என் அட்லஸில் பம்பாய்க்கும் லண்டனுக்கும் பாவு நூலை இழுத்துப் பிடித்து, மைலாக்கி, விமானத்தின் வேகத்தால் வகுத்தார். "ஒம்பது மணி நேரம். மூணுக்கு இறங்கிருவா." வழியில் விமானம் நின்று போகும் நேரம் அவர் கணக்கில் இல்லை.

"ரெண்டுக்கும் மூணுக்கும் என்னலே பெருசா" என்று, நான் அடுப்படிக்குப் போயிருந்த நேரத்தில் நாத்தனார் பெருக்கத் தொடங்கினார். அடுப்படியிலிருந்து நான் ஓடி வருவதற்குள் குப்பை கொல்லைக் குழிக்குப் போய்விட்டது.

"மதினி, அவ இன்னும் பாதி வழியில இருக்கா!"

அவர் முகம் வெளிறிவிட்டது. "எங்கன? கடலுக்கு மேலயா, மண்ணுக்கு மேலயா? அத மட்டும் சொல்லு."

அட்லஸில் விரலை வைத்தேன். "மண்ணு" என்றேன். எனக்குத் தெரியாது.

பெருக்கியதைத் திரும்பப் போட்டுவிட்டால் சரியாகிவிடும் என்று முடிவு செய்தது யார் என்று இன்றுவரை வீட்டில் சண்டை. குப்பையை முறத்தில் அள்ளி வந்தது நான்தான். ஆசிரியப் பயிற்சிப் பள்ளிவரை படித்த நான், கடலைத் தோலை இடம் பார்த்துத் தூவினேன்.

"அது தூணோரம் கெடந்துச்சு" என்றார் கணவர்.

"நூலு நடுவுல" என்றார் நாத்தனார்.

ஏழரை ஆனது. தந்தி வர மறுநாளாகும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் வாசலை விட்டு நகரவில்லை. மறுநாள் காலையிலும் வரவில்லை. பள்ளிக்கூடத்துக்கு அன்றும் லீவு சொல்லி அனுப்பினேன். நாத்தனார் என் முகத்தைப் பார்க்காமலே காப்பி கொடுத்தார்.

பதினோரு மணிக்குத் தந்திக்காரர் சைக்கிளை நிறுத்தினார். எங்கள் மூவருக்கும் கை நீளவில்லை. அவரே பிரித்துப் படித்தார்.

"பயப்படாதீக டீச்சர், புள்ள சுகமா இருக்கு. ஏரோப்பிளேன் ரிப்பேராம், ரோமாபுரியில எறக்கி ஓட்டல்ல தங்க வச்சிருக்காக. நாளைக்குக் கெளம்புறேன்னு போட்ருக்கு." தேதியை இன்னொரு தரம் பார்த்தார். "ஆனா இது நேத்து அடிச்சது. அப்பன்னா, இந்நேரம் மறுபடி மேலதான் இருக்கும்."