டிரைவர் பக்கச் சில்லு

தவநேசனுக்குக் கோபம் வந்தால் யாரையாவது ஏசவேண்டும். 2003இல் ஜெர்மனியிலிருந்து லண்டனின் குட்மேய்ஸுக்குக் குடிவந்தபோது, அங்கே வாங்கிய காரையும் கொண்டுவந்தார். பிழைப்புக்கு இங்கே டெலிவரி வான் ஓட்டினார்.

“காரில டிரைவர் பக்க முன்சில்லு இரையுது” என்று மனைவி நகுலேஸ்வரி சொன்னதும், வலப்பக்க முன்சக்கரத்தைக் கழற்றினார். உள்ளே, சக்கரத்தைத் தாங்கும் ஹப் துருவேறி இறுகிக் கிடந்தது. சுத்தியலால் அடித்துக்கொண்டே, பனி உருக ரோட்டில் உப்புத் தூவி இரும்பைத் துருப்பிடிக்க வைக்கிறவர்களை ஏசினார். எட்டிப் பார்த்த அயலவரை முறைத்தார். பின்னேரம்தான் கழன்றது. அதன் பேரிங் கரகரப்பே இல்லாமல் சுழன்றது.

“உமக்குக் காது கேக்காதோ? நல்ல சில்லையெல்லோ கழற்ற வச்சிட்டீர்.”

நகுலேஸ்வரி கார்க் கதவைத் திறந்தாள். “ஸ்டியரிங் எந்தப் பக்கம் எண்டு பாருங்கோ.”

அவர் தினம் ஓட்டும் டெலிவரி வானில் ஸ்டியரிங் வலப்பக்கம். இந்த ஜெர்மன் காரில் இடப்பக்கம்.

“ஜெர்மன்காரனுக்கு மூளையில்லை” என்று சீறிவிட்டு, சுத்தியலோடு மற்றப் பக்கம் போனார்.