சாரதா டீச்சரின் பெட்டி எழுந்திருக்க மறுத்த கதை

கெட்டுப்போன ரேடியோ கரகரவென்றாவது பேசும். கெட்டுப்போன கம்ப்யூட்டர் வாயையே திறக்காது. சொந்தக் கையால் கம்ப்யூட்டர் செய்து, சுவிட்சைப் போட்டு, இருட்டுத் திரையில் தன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்ற அன்பர்களுக்கு நான் சொல்வது புரியும். மற்றவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

எண்பதுகளின் கடைசி. எர்ணாகுளத்துக்கு எதிர்க்கரையில், மட்டாஞ்சேரி படகுத்துறைக்குப் பக்கத்தில் நானும் அந்தோணிச் சேட்டனும் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தோம். நாலு கட்டிடம் தள்ளி, சுக்கு கோடவுனுக்கு மேலே சாரதா டீச்சரின் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட். பாலக்காட்டிலிருந்து வந்து தனி ஆளாக நடத்தினார். டைப் படிக்க ஆள் வருவது குறைந்ததும் ‘விஜயதசமி முதல் கம்ப்யூட்டர் வகுப்பு’ என்று போர்டு மாட்டிவிட்டார். பதினொரு பெண்கள் பெயர் கொடுத்தார்கள். கம்ப்யூட்டர்தான் இல்லை. நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், “மெட்ராஸிலிருந்து சாமான் வரவழைத்து நானே செய்து தருகிறேன்” என்று சொல்லிவிட்டேன்.

“இந்தப் பதினொண்ணும் படகேறி எர்ணாகுளத்துக்குப் படிக்கப் போயிடுத்துன்னா, நான் இதை இழுத்துப் பூட்டிண்டு அண்ணா ஆத்துக்குப் போக வேண்டியதுதான் மணி” என்றார் டீச்சர்.

முதல் சுவிட்ச்

சாமான் வந்தது. புத்தகத்தைப் பார்த்துப் பார்த்து ஐந்து நாளில் எல்லாவற்றையும் முடுக்கினேன். கம்ப்யூட்டர் விழித்தெழுந்து வேலைக்குத் தயாராவதை ‘பூட்’ ஆவது என்பார்கள். அதைக் கண்ணால் பார்க்க டீச்சர் கடைக்கே வந்து ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார். கேபினெட் என்ற வெளிப்பெட்டியோடு வந்த இரண்டு குட்டிச் சாவிகளையும், ராசியாக இருக்கட்டும் என்று அவர் கையில் கொடுத்துவிட்டு சுவிட்சைப் போட்டேன்.

டமார்! கடை முழுக்கப் புகை. தூக்கிவாரிப் போட்டதில் நான் பின்னால் இருந்த ஸ்பீக்கர் குவியலில் போய் விழுந்தேன். பவர் சப்ளையின் பின்புறம் ஒரு சிவப்பு சுவிட்ச் உண்டு. 230 வோல்ட்டுக்குத் தள்ளியிருக்க வேண்டும். நான் பார்க்காமல் 110-லேயே விட்டிருந்தேன். டீச்சர் மட்டும் அசையவில்லை. புகையை விசிறிக்கொண்டே ஆவலோடு கேட்டார்: “சத்தம் நன்னா வந்துடுத்தே, இதுதான் அந்த பூட்டா?”

கைவண்டியில் ஊர்வலம்

வேறு பவர் சப்ளை மெட்ராஸிலிருந்து வந்துசேரப் பத்து நாள். இந்த முறை கடையில் அழகாக எழுந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. கைவண்டியில் ஏற்றி, பஜார் ரோட்டின் குண்டு குழிகளில் இறங்கி ஏறி, இன்ஸ்டிட்யூட் மாடியில் கொண்டுபோய் வைத்தோம். அங்கே சுவிட்சைப் போட்டால் பீப், பீப், பீப் என்று ஒரே அழுகை. திரையில் ஒன்றும் இல்லை. கடையில் ஓடியது மாடியேறியதும் செத்துவிட்டதே என்று மூடியைக் கழற்றினேன்.

வண்டியின் குலுக்கலில் சிப்புகள் இருந்த இடத்தை விட்டு நெம்பி எழுந்திருந்தன. ஒவ்வொன்றாகக் கட்டைவிரலால் அழுத்தி உட்கார வைத்தேன். ஐம்பதுக்கு மேல் இருக்கும், விரல் வீங்கிவிட்டது. வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த அந்தோணிச் சேட்டன் சொன்னார்: “ரேடியோவுக்கு மண்டையில ஒரு தட்டு மதி, போதும். இதுக்கு உடம்பு முழுக்கப் பிடிச்சுவிட்டு உழிச்சில் வேணும் அல்லே?”

இரண்டு சொட்டு

அதற்கப்புறம் ஒரு வாரம் ஒழுங்காக ஓடியது. ஹார்ட் டிஸ்க்கெல்லாம் கிடையாது. தட்டையான பிளாப்பி டிஸ்க்கைச் செருகினால்தான் பெட்டி எழும். ஒரு திங்கட்கிழமை, சிஸ்டம் டிஸ்க்கைப் போடு என்று கேட்டுக்கொண்டே நின்றுவிட்டது. டிஸ்க்கைப் போட்டுத்தான் இருந்தோம். வெளியே எடுத்துப் பார்த்தேன், பளபளவென்று மின்னியது. மோந்து பார்த்தேன், தையல் மெஷின் எண்ணெய்!

டீச்சர் சனிக்கிழமைதோறும் எல்லா டைப்ரைட்டருக்கும் எண்ணெய் போடுவார். புதிதாக வந்ததை மட்டும் விட்டுவிட அவருக்கு மனசு வரவில்லை. இரண்டு நாள் ஸ்பிரிட்டும் பஞ்சுமாக உட்கார்ந்து துடைத்து, வேறு பிளாப்பி போட்டு எழுப்பினேன். திட்டவும் முடியவில்லை. ஏனென்றால் டீச்சர் அவ்வளவு கனிவாகச் சொன்னார்: “பாவம், கரகரன்னு கத்திண்டே இருந்துது. ரெண்டே ரெண்டு சொட்டு விட்டேன். அப்புறம் சத்தமே இல்லை, கேட்டியோ!”

விஜயதசமி

அஷ்டமி சாயங்காலம் நானே சோதித்துப் பார்த்தேன். பெட்டி ஒரே சுவிட்சில் எழுந்தது. அணைத்துவிட்டு, பூஜைக்கு வைக்க டீச்சரிடம் விட்டு வந்தேன். இனி விஜயதசமி காலை பூஜை முடியும்வரை யாரும் எதையும் தொடமாட்டார்கள். நிம்மதியாகத் தூங்கினேன்.

விஜயதசமி காலை ஏழு மணிக்கு மாடி நிறையக் கூட்டம். பதினொரு பெண்கள், அவர்களில் பாதிப் பேரின் அப்பாக்கள், தாம்பாளத்தில் அவலும் பழமும். சுவிட்சைப் போட்டேன். ‘கீபோர்டு’ என்று தொடங்கி இங்கிலீஷில் ஒரு வரி வந்து அப்படியே நின்றது. எதைத் தட்டினாலும் அசையவில்லை. முதல் சொல்லைப் பார்த்ததுமே மீதியைப் படிக்கும் நிதானம் எனக்குப் போய்விட்டது. கீபோர்டைத் தலைகீழாகக் கவிழ்த்தேன், குங்குமம் கொட்டியது. ஸ்பிரிட்டால் துடைத்தேன். அந்தோணிச் சேட்டன் கடைக்கு ஓடி, எதற்கும் இருக்கட்டும் என்று நான் வரவழைத்திருந்த இன்னொரு கீபோர்டைக் கொண்டுவந்தார். அதே வரி.

ஓர் அப்பா குடையைக் கையில் எடுத்துக்கொண்டு, எர்ணாகுளத்துக்கு அடுத்த படகு எத்தனை மணிக்கு என்று பக்கத்திலிருந்தவரிடம் கேட்டார். டீச்சர் காதிலும் விழுந்தது. அவர் முகம் வெளுத்துப்போனதைப் பார்த்தேன். ஒரு மனுஷியின் பிழைப்பையே கெடுத்துவிட்டேனே என்று அவர் பக்கம் திரும்பினேன். “டீச்சரே, என்னை மன்னிக்கணும். பூட் ஆகலை” என்றேன்.

டீச்சர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். “பூட்டு ஆகலையா? நன்னா ஆயிருக்கே! பூஜைக்கு வச்சதை யாரும் தொடப்படாதுன்னு அஷ்டமி அன்னிக்கு நானேதான் பூட்டினேன். சாவி சரஸ்வதி படத்தடியில, பூவுக்குள்ள இருக்கு!”

பெட்டியின் முகப்பில் கீபோர்டைப் பூட்டவென்று இருந்த துவாரத்தில் அந்தக் குட்டிச் சாவியைத் திருப்பியதும் பெட்டி எழுந்தது. குடைக்காரரின் மகள்தான் முதலில் உட்கார்ந்து, அங்கே படிப்பைத் தொடங்கும்போது எழுதும் ‘ஹரி ஸ்ரீ’யைத் தட்டினாள். திரையில் வந்த அந்த வரியின் மீதிச் சொற்கள் ‘பூட்டியிருக்கிறது, திற’ என்பதைத்தான் இங்கிலீஷில் சொல்லியிருந்தன என்பதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

அன்றிலிருந்து எந்த ஊரில் எந்தக் கம்ப்யூட்டர் எழுந்திருக்க மறுத்தாலும், ஸ்குரூ டிரைவரை எடுப்பதற்கு முன்னால் அந்த வீட்டுச் சாமி படத்தடியில் ஒருமுறை தேடிப் பார்த்துவிடுகிறேன்.